ஜூரோங் பள்ளத்தில் தொங்கிய தண்டவாளம்

"ஓடுங்க! மாத்தா வந்துட்டான்! ஓடுங்க!"

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. மரவள்ளி முகத்தில் அடிக்கிறது. மாத்தா என்றால் போலீஸ். பின்னால் அவர்கள் விசில். லாரிக் கதவு அறையும் சத்தம். என் கணவர் மாணிக்கம் முன்னால்தான் ஓடினார். இப்போது காணவில்லை.

ஜூரோங். ஐம்பதுகளின் நடுப்பகுதி. மேடுகளுக்கு இடையே ஒரு பள்ளம். ரப்பர், மரவள்ளி, கீரை. கப்பலில் வந்த எங்கள் ஆட்கள் காடு வெட்டித் திருத்திய மண். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். மாணிக்கம்தான் முன்னால் நின்றார். இந்தியாவில் பிறந்தவர். பிடித்தால் நாடு கடத்துவார்கள். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அடித்து ஆள் கூப்பிட மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை எங்கள் காவலுக்கு எடுத்துக்கொண்டோம். விடாமல் அடித்தால் போலீஸ், ஓடு. விட்டுவிட்டு மூன்று அடி என்றால் கூட்டம், வா. அடிக்கிற பொறுப்பு சுப்பையாவுக்கு. என் கையால் சோறு தின்றவன்.

அன்று விடியற்காலை, ரப்பர் பால் வெட்டும் நேரம். மூன்று அடி. நிதானமாக.

"இந்நேரத்துல என்னங்க கூட்டம்? போகாதீங்க."

"சுப்பையா அடிக்கிறான் லா. சும்மாவா அடிப்பான்?"

சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் போலீஸ் லாரிகள். கையில் சுத்தியலோடு சுப்பையா. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். தலைகூடக் குனியவில்லை. சீ!

அன்று பிடிபட்ட மாணிக்கத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய பிறகுதான் எனக்குத் தகவல் சொன்னார்கள். சுப்பையா தோட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி ஆனான். எங்களையே வேலை வாங்கினான். அறுபதுகளில் தொழிற்சாலைகளுக்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினார்கள். புல்டோசர் நாள் முழுக்க உறுமியது. மண் அள்ளும் குத்தகையும் அவனுக்கே.

ஒரு தைப்பூசம். டேங்க் ரோட்டு முருகன் கோயில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தான். கழுத்தில் மாலை.

"வாங்கக்கா, மோர் குடிங்க."

அக்காவாம்! மோரை அவன் காலடியிலேயே கொட்டினேன். சிரித்தான், வெட்கங்கெட்டவன். அடுத்த தம்ளரை வேறொருவருக்கு நீட்டினான்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கம். ஊர் போய்ச் சேர்ந்தவர் காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. அவரோடு பிடிபட்ட ஆறு பேர். ஒருவரும் திரும்பவில்லை. என் கீரைப் பாத்தி. கிணறு. அந்தப் பள்ளமே போயிற்று.

சுப்பையா இருக்கிறான். நன்றாகவே இருக்கிறான்.