கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கவிதை

தூத்துக்குடியில் மதியக் காட்சி பார்த்துவிட்டு ஏரல் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். வெளியே உப்பளம் வெள்ளையாக மிதந்துபோனது.

“படத்துல கைதி கவிதை சொன்னா ஜெயிலே அமைதியாயிடுது. அதெல்லாம் பொய்,” என்றாள் மூத்தவள்.

“ஏன்க்கா?”

“எங்க வீட்டுக்காரரும் ஜெயில்ல வாராவாரம் எனக்கு ஒரு கவிதை சொல்லுதாரு. பாக்கப் போனா கம்பிக்கு ரெண்டு பக்கமும் கத்தல். கடலுக்கடியில நின்னு பேசுத மாதிரி அவரு வாய் மட்டும் அசையும். கடல்ல முங்கி சங்கு குளிச்சவருல்லா, ஒரே மூச்சுல சொல்லிருவாரு. கேட்டுச்சான்னு கையக் காட்டுவாரு. நான் தலையாட்டுவேன்.”

“ஒண்ணுமே கேக்காதா?”

“ஒரு வார்த்தை கேட்டதில்ல. கவிதைன்னே அங்க நிக்க வார்டரு சொல்லித்தான் தெரியும்.”

“கடுதாசில எழுதச் சொல்லலாம்லா?”

“ஏளா, எழுதச் சொன்னா இத்தன நாளும் கேக்கலன்னு தெரிஞ்சுருமே.”