குதிரையைத் திருப்பிய நான்கு விநாடி

தலைமை ஏற்றிருக்கும் சதுரங்க மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். இந்த ஆண்டில் நான் பேசும் மூன்றாவது இரங்கல் கூட்டம் இது. அலுத்துவிட்டது. செயலாளர் என்பதால் என்னையே எழுப்பிவிடுகிறார்கள்.

நம் கண்ணாடிக் கடைக்காரர், இணையத்தில் 'பொறுமை' என்ற பெயரில், ஆளுக்கு மொத்தம் மூன்றே நிமிடம் என்ற அவசர ஆட்டம் ஆடிய மாமனிதர்! அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம், நானும் தூக்க வேண்டிவரும்.

அவர் ஆட்டத்தில் ஆர்ப்பாட்டம் உண்டா? இல்லை. பாய்ந்து பாய்ந்து வெட்டினாரா? இல்லை. ராணிக்கு ராணி மாற்றிக்கொண்டு, சும்மா ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவார். இதை எதற்கு நகர்த்தினார் என்று எதிராளி யோசிப்பான். யோசித்தால் தீர்ந்தது கதை, நேரம் போய்விடும். "எப்படிண்ணே இவ்வளவு வேகம்?" என்று ஒருமுறை கேட்டேன். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டே சொன்னார்: "நான் எங்கப்பா வேகமா ஆடுறேன்? அவங்கள மெதுவா ஆட வைக்கிறேன், அவ்வளவுதான்."

இணைப்பு அறுந்து எதிராளிக்குப் பத்து விநாடி வீணானால், தானும் பத்து விநாடி கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுவார். இப்படிப்பட்டவரையும் ஒருவன் சந்தேகப்பட்டானே, யார் அவன்?

நான்தான்.

ஓர் ஆட்டத்தில், எல்லாரும் முன்னேறித் தாக்குவார்கள் என்ற கட்டத்தில், குதிரையைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பினார். அதனால் பின்னாலிருந்த மந்திரிக்கு வழி திறந்தது. பதினோரு நகர்வுக்குப் பிறகு வெற்றி. எடுத்துக்கொண்டது நான்கு விநாடி! மனித மூளைக்கு இது எட்டாது, கணினியைப் பார்த்து ஆடுகிறார் என்று பெயர் போடாமல் அந்த இணையதளத்துக்குப் புகார் எழுதினேன். உண்மையைச் சொன்னால், வயிற்றெரிச்சல். கணக்கை மூடினார்கள். 'முறைகேடாக ஆடியவர்' என்று அவர் பெயர்மேல் சிவப்புக் குறி விழுந்தது. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஞாயிறுதோறும் மன்றத்தில் மரப்பலகையில் என்னோடு ஆடினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

நேற்று அண்ணியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அவருக்கு அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார். "தளத்துக்காரங்க அவருக்கு அனுப்புன புகார்ல அந்தக் குதிரையப் பத்தி எழுதியிருந்துச்சாம். 'அது எவ்வளவு பெரிய நகர்வுன்னு புரிஞ்சுக்க நம்ம செயலாளர விட்டா ஊர்ல ஆளு ஏது'ன்னு சிரிச்சாரு. அப்புறம் ரெண்டு நாளு கடையத் திறக்கல."

தெரிந்தே என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்! ஒரு வார்த்தை கேட்டாரா? ஒருநாளாவது முகத்தைத் திருப்பினாரா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே சூளுரைப்பது வழக்கம். அவரைப் போல் ஆட எனக்கு விரலும் இல்லை, மூளையும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவருடைய நகர்வு ஏன் சரி என்று விளக்குவது. நான்கு விநாடியில் அவர் கண்டதை எழுதி முடிக்க எனக்கு ஒரு முழு இரவும் ஒரு பகலும் பிடித்தன. இன்று தளத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுத்தால் அடுத்த ஆட்டத்தை விளக்குவேன், அதற்கடுத்ததையும் விளக்குவேன், குறி அழியும்வரை விளக்குவேன். அண்ணியார் அவர்களே, இந்த முறை கடிதத்தின் முதல் வரியிலேயே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.