நோயாளி இருக்கும் வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி ரொனி, பாணுக்கு நான் அரைத்த சம்பலில் புளிப்புப் போதாது என்றான். "என்னக்கா, எலுமிச்ச மரத்தோடயும் கோவமா?" என்று கேட்டான். பின்பக்கம் போய் ஒரு காய் பறித்து வந்து பிழிந்துவிட்டேன். மூன்று துண்டு சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை இறந்துபோனான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஷெரோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஏன் என்னய வர வேணாம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவனுக்கு நடைப் பயிற்சி கொடுக்கக் குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பெண் அவள். மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

அம்பிட்டியவில் இருந்த அந்த வீட்டை நான் படிப்பித்தும் ரொனி சுற்றுலா வேன் ஓட்டியும் கட்டினோம். வீட்டு உறுதிப் பத்திரம் அவன் பெயரில் இருந்தது. வெளிநாட்டுக்காரர் வராமல் போன வருடங்களில் அதை வங்கியில் ஈடு வைத்தான். நானும் சரி என்றுதான் சொன்னேன். வங்கி வீட்டை ஏலத்தில் விற்றது. அடுத்த மாதம் ரொனிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது.

நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கல் வந்தார். எங்களை வெளியேற்றி வீட்டை வாங்கியவரிடம் ஒப்படைப்பது அவருடைய வேலை. பூட்டு மாற்ற ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். முன்னறைக் கட்டிலில் கிடந்த ரொனியைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நகர்த்த முடியாத நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று அறிக்கை எழுதிக்கொண்டு திரும்பிப் போனார். நீதிபதி மூன்று மாதம் தந்தார். அது முடியும்போதெல்லாம் பிஸ்கல் மறுபடி வந்து பார்ப்பார், ரொனி படுக்கையில் இருந்தால் இன்னொரு தவணை கிடைக்கும்.

எங்கள் சட்டத்தரணி திவாகரன் எதையும் ஒளிக்கவில்லை. "டீச்சர், இந்த வீட்டுல இருக்க ஒங்களுக்கு ஒரு உரிமையும் இல்ல. தம்பி படுக்கையில கெடக்கிறதால கோர்ட் எரக்கப்படுது, அவ்வளவுதான். அவரு எந்திரிச்சு நடந்தாருன்னா அன்னைக்கே சாமானக் கட்டுங்க."

அவர் அதை எச்சரிக்கையாகச் சொன்னார். எனக்கு அது பழகிய விஷயமாகத்தான் இருந்தது. நாங்கள் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பிராவின் ஒற்றை அறையில் பிறந்தவர்கள். குடும்பத்தில் ஒருவருடைய பேராவது தோட்டத்துப் பதிவில் இருந்தால்தான் காம்பிரா. அப்பா போன பிறகு அம்மாதான் அந்தப் பேரைக் காப்பாற்றினாள். காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போனாள், சளியில் இரத்தம் கண்ட பிறகும் போனாள். நாங்கள் படித்து முடிக்கும்வரை எங்களுக்கு ஒரு கூரை இருந்தது. யாராவது ஒருவருடைய உடம்புதான் வீட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்த முறை அது ரொனியின் உடம்பு.

ஷெரோன் கெட்டிக்காரி. இரண்டே மாதத்தில் ரொனி வோக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்கதவு வரை போனான். "அடுத்த மாசம் அங்கிள் ரோட்டுக்கே எறங்கிருவாரு பாருங்க" என்று கைதட்டினாள்.

"நான் நடந்தே பிலிமத்தலாவைக்குப் போயி ஒரு வாடக ரூம் பாக்கிறேன்" என்றான் ரொனி. "போனது போச்சுக்கா. விட்டுத் தொலைப்போம்."

அவன் எதையும் சுலபமாக விடுகிறவன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷெரோனை வாசல் கேட்டடியிலேயே நிறுத்தி, வேறு ஆளை ஒழுங்குசெய்துவிட்டோம் என்றேன். வோக்கரைக் கோயிலுக்குக் கொடுத்தேன். அது தேவைப்பட்ட ஒரு முதியவர் அங்கே இருந்தார். ரொனி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்தான். விழுந்தால் எலும்பு முறியும். அதனால் எனக்கு எழுதித் தந்திருந்த தூக்க மாத்திரையை அவனுடைய பிளேன்டீயில் கரைத்தேன். முதலில் பிஸ்கல் வரும் நாட்களில் மட்டும் கொடுத்தேன். பிறகு தினமும் ஒன்று.

அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "பெரஹர ஊர்வலத்து யானையக் கூட நடக்க விடுறாங்கக்கா" என்றான். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அந்த ஒரு வருடமும் அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தினமும் உடம்பு துடைத்தேன், சவரம் செய்துவிட்டேன். முதுகில் ஒரு புண் வரவில்லை. அயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சம்பல் சாப்பிட்ட மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் களகளவென்று கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். ஆனால் பிஸ்கல் வியாழக்கிழமை வருவதாக அறிவித்திருந்தார். ரொனியை வார்டில் சேர்த்தால் வியாழக்கிழமை கட்டில் வெறுமையாக இருக்கும். வெறுங்கட்டிலுக்கு யார் இரங்குவார்கள்? இரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

புதன்கிழமை, "மூச்சு முட்டுதுக்கா, ஆட்டோவக் கூப்பிடு" என்றான்.

"நாளைக்குப் போவோம் தம்பி."

"நாளைக்கு யாரு வர்றான்னு எனக்குந் தெரியும்."

பிஸ்கல் காலை பத்து மணிக்கு வந்தார். இந்த முறை அவர் பேனாவை எடுக்கவில்லை. ரொனியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவரை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், என் வேனிலேயே ஏற்றுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். டொக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். இன்னொரு முறையும் கேட்டார். வாசலில் பூட்டுக்காரர் தன் பையோடு நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்றேன். கேட்டு வரை போன பிஸ்கல் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் எந்த டொக்டரையும் கூப்பிட்டிருக்கவில்லை. ரொனியின் கண்கள் திறந்திருந்தன. அவனுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

பூட்டுக்காரர் உடனே போகவில்லை. எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டு பின்னேரம் வரை இருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். போன பிறகு ரொனி தூங்குவது போலத் தெரிந்தது. எழுப்ப மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது.

பாரிசவாதம் என் தம்பியைக் கொல்லவில்லை. அவன் எழும்பிக்கொண்டிருந்தான். எழும்பவிடாமல் அவனைக் கிடத்தியது நான். காப்பாற்ற வந்த வேனைத் திருப்பி அனுப்பியதும் நான். ஷெரோன், நீ தொடர்ந்து வந்திருந்தால் அவன் இன்று நடந்துகொண்டிருப்பான். உன்னை வர வேண்டாம் என்றதும் அதற்காகத்தான்.

மரணவீடு என்பதால் முப்பத்தோராம் நாள் வரை விட்டுவைத்தார்கள். அதன் பிறகு பூட்டு மாறிவிட்டது. வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கிறார், இன்னும் குடிவரவில்லை. நான் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன்.

ஆனால் ரொனி வாடகை அறையில் சாகவில்லை. எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? அவனுடைய மரண அத்தாட்சிப் பத்திரத்தில், இறந்த இடம் என்ற கட்டத்தில், எங்கள் வீட்டு இலக்கம் இருக்கிறது. அது அப்படியே இருக்கிறது.