பிறை தெரியாத வியாழக்கிழமையும் எங்கள் இரண்டாம் சரணமும்

இன்று காலை ஸுபஹ் தொழுது எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, எங்கள் ட்ரம் வாசிப்பவருக்குத் தொலைபேசி எடுத்து, "எழும்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டதுதான். இன்று எங்களுக்கு நிகழ்ச்சியே இல்லை. ஒன்பது வருடப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. அவரும் வழமைபோல, "எழும்பிட்டன் ராத்தா, வேனுக்குள்ளதான் இரிக்கன்" என்று தலையணைக்குள்ளிருந்து பதில் சொன்னார். வேன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது.

இப்படிப்பட்ட கலைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் மேடை தேடிக் கொடுப்பது எப்படி என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

தலைமைக் கதிரையைத் தன் கம்பீரத்தால் நிறைத்திருக்கும் பாண்டிருப்பின் கீபோர்ட் வேந்தர், இசைக்குழுக்கள் ஒன்றியத் தலைவர், எங்கள் போட்டிக் குழுவின் அதிபதி கேதீஸ்வரன் அவர்களே! எங்கள் அபசுரங்களை அன்போடு பொறுத்தருளும் பெரியோர்களே! மகளின் கலியாணத்துக்கு எந்தக் குழு என்று நீங்களே முடிவெடுத்துவிட்டு, முடிவெடுத்தது உங்கள் கணவர்மார் என்று ஊரை நம்பவைக்கும் தாய்மார்களே! வயர் சுற்றிச் சுற்றி விரல் கறுத்த ஒலிபெருக்கித் தோழர்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும். என் அன்பு வணக்கமும் உங்களை வந்து சேரட்டும்.

நான் றுஸ்தா. நீலக்கரை இசைக்குழுவின் முகாமையாளர். பாடத் தெரியாது, வாத்தியம் தொட்டதில்லை. படித்தது வர்த்தகப் பட்டம், பிடித்தது தொலைபேசி, மணந்தது பாடகர் றிபாஸை. பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளை நாங்கள் பாடிச் சோறு தின்கிறோம். அதில் வெட்கமென்ன? தேங்காயை நட்டவர்தான் சம்பல் இடிக்கவேண்டுமா?

எங்கள் சுவரில் மூன்று கலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்றில் முகூர்த்தம். ஒன்றில் பிறைக் கணக்கு. மூன்றாவதில் வயல். ஆடி மாதத்தில் காரைதீவிலிருந்து அழைப்பு வருமா? வராது. நோன்பு மாதத்தில் சாய்ந்தமருதிலிருந்து வருமா? வராது. வேளாண்மை வெட்டு முடியாமல் சாகாமத்தில் யாராவது கலியாணம் வைப்பார்களா? வைக்கமாட்டார்கள்! மிஞ்சுகிற நாட்களை மீன் முள் எடுப்பதுபோல் எடுத்து, அதில் என் குழுவை நிறுத்தவேண்டும்.

கலண்டரை மட்டும் நம்பினேனா? இல்லை, நாக்கையும் நம்பினேன். அழைக்கிறவர்களிடம், "கேதீஸ்வரன் குழு நல்ல குழுதான், ஆனா ஸ்பீக்கர் கொஞ்சம் கூவும்" என்பேன். தலைவர் சும்மா இருந்தாரா? "நீலக்கரை நல்ல குழுதான், ஆனா பாடகருக்கு ரெண்டாம் சரணம் வராது" என்பார். தலைவர் மறுத்துத் தலையாட்டுகிறார். அண்ணன், நீங்கள் அதை யாரிடம் சொன்னீர்களோ, அந்த ஆள் என் மச்சினன்!

கதைக்கு வருகிறேன். போன நோன்புப் பெருநாள். கடற்கரை இளைஞர் கழகத்துப் பர்ஸான், "பெருநாள் ரெண்டாம் நாள் பின்னேரம் நீங்கதான்" என்று பதிந்திருந்தார். திருக்கோவில் செல்லத்தம்பி அண்ணன் தன் மகளின் கலியாண வரவேற்பைப் பதிந்திருந்தார், ஞாயிறு பின்னேரம். நான் பட்டதாரி அல்லவா? நோன்பு இருபத்தொன்பதோடு முடியும், வெள்ளி பெருநாள், சனி இரண்டாம் நாள், ஞாயிறு கலியாணம் என்று கணக்குப் போட்டேன். பிறையைக் கேட்காமல் பிறைக்கு நாள் குறித்தேன்.

அந்த வியாழக்கிழமை பொழுது சாயும் மஃரிப் நேரத்துக்கு ஊரே மேற்கே பார்த்து வயல் வீதியில் நின்றது. எங்கள் குழுவும் நின்றது. எல்லோரையும்விட எட்டி எட்டிப் பார்த்தவர் யார் தெரியுமா? எங்கள் கீபோர்ட்காரர், காரைதீவுச் சுஜிந்தன்!

"ராத்தா, அந்தா! அந்தா தெரியுது!"

"அது டவர் லைட்டுடா தம்பி."

"கொஞ்சம் வளைஞ்சாப்போல கிடக்கே?"

"உன்ட கழுத்துதான் வளைஞ்சு கிடக்கு."

மேகம் விலகவில்லை. எங்கிருந்தும் பிறைத் தகவல் வரவில்லை. நோன்பு முப்பது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். பெருநாள் சனிக்கு நகர்ந்தது. இரண்டாம் நாள் ஞாயிற்றின் தலையில் ஏறியது. ஒரு நிகழ்ச்சிக்கு நட்சத்திரம் நாள் குறித்தது, மறு நிகழ்ச்சிக்கு நிலா நாள் குறித்தது. ஒரே வானம், ஒரே பின்னேரம், ஒரே ஒரு குழு! ஒரு இடத்தைக் கைவிட்டால், அந்த ஊர் முழுவதும் எங்களைக் கைவிடும். ஒன்பது வருடப் பெயர் ஒரு பின்னேரத்தில் போய்விடும்.

பர்ஸானிடம் கெஞ்சினேன். "நோட்டிஸ் ஒட்டியாச்சு ராத்தா. இப்ப என்ன, பிறையத் திருத்தி அடிக்கவா?" என்றார். முகூர்த்தத்தை மாற்றச் சொல்லி நான் யாரிடம் கெஞ்சுவது? ஒரு வழிதான் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை பாண்டிருப்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் றுஸ்தா கதைக்கிறன்."

"எந்த றுஸ்தா?"

"ரெண்டாம் சரணம் வராத குழுட றுஸ்தா."

"ஓ... கூவுற ஸ்பீக்கர்தான் கதைக்கிறன், சொல்லுங்க" என்றார் தலைவர்.

சொன்னேன். கேட்டார். சிரித்தார். கலியாணத்தை ஏற்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "எங்கட குழு நல்ல குழு எண்டு செல்லத்தம்பி அண்ணனுக்கு நீங்கதான் சொல்லணும். உங்கட வாயால."

சபையோரே, கசாயம் குடித்திருக்கிறீர்களா? நான் அன்று குடித்தேன்.

"பிள்ள, அவங்கட ஸ்பீக்கர் கூவும் எண்டு நீதானே சொன்னாய்?" என்றார் செல்லத்தம்பி அண்ணன்.

"இப்ப திருத்திட்டாங்க அண்ணன்."

"எப்ப?"

"இப்ப... கொஞ்சத்துக்கு முதல்."

ஓம், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு வந்தது. தலைவர் திருக்கோவிலுக்குப் போனார், நாங்கள் கடற்கரையில் ஏறினோம். மூன்று நாள் இடைவிடாமல் கதைத்ததில் என் போன் செத்துக் கிடந்தது. ஒன்பது வருடமாக எங்கள் நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அடுத்த நிகழ்ச்சியைப் பதிவேன். அன்று போன் இல்லை. வேறு வேலையும் இல்லை. மணலில் பாய் விரித்திருந்த பெண்களோடு போய் இருந்தேன். பக்கத்தில் மைமூனா மாமி என்றொருவர். என்னை இன்னாரென்று அவருக்குத் தெரியாது.

றிபாஸ் முதல் சரணத்தை முடித்தார். மாமி என் தொடையில் தட்டினார்.

"பொறு புள்ள, இப்ப மறப்பாரு."

"ஆரு மாமி?"

"பாட்டுக்காரர்தான். ரெண்டாம் சரணத்துல மறப்பாரு. மறுகா நாமதான் பாடுற. அதுக்குத்தானே வந்த!"

மறந்தார். மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். மாமி பாடினார். மாமியின் மருமகள் பாடினாள். மீன்காரர் பாடினார், பள்ளிக்கூட ஆசிரியர் பாடினார், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியை நிறுத்திவிட்டுப் பாடினார். வாழ்நாளில் மேடை ஏறாதவர்கள், மைக் பிடிக்காதவர்கள், குளியலறைக்கு வெளியே குரல் எடுக்காதவர்கள், அந்தக் கரை முழுவதும் ஒரே குரலாய்ப் பாடினார்கள். யாருடைய பாட்டு அது? எழுதியவருடையதா? முதலில் பாடியவருடையதா? அன்று பின்னேரம் அது எங்கள் ஊருடையது!

பாட்டு முடிந்ததும் மாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நம்மட மகன்ட கலியாணத்துக்கும் இவங்கதான். ஒரே ஒரு கரைச்சல்தான். போன்ல ஒரு பொம்புள கதைக்கும். அறுத்தெடுத்துரும். அதப் பொறுத்துக்கிட்டாச் சரி."

தலைவரே, நீங்கள் என் கணவரைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. ஆனால் பாதிதான் உண்மை. ஒன்பது வருடமாக, என் நாக்கு இந்தக் குழுவைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். இந்த ஊர் என் நாக்கையும் பொறுத்துக்கொண்டுதான் எங்களை அழைத்திருக்கிறது. நான் விற்ற பொருளை நானே கேட்டதில்லை. கேளாத பாட்டுக்கு நாள் பதிந்துகொண்டிருந்தேன்.

மேடை தந்த ஒன்றியத்துக்கும், சிரித்துத் தாங்கிய சபைக்கும் நன்றி. ஒன்று சொல்லி அமர்கிறேன். இதை என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. குழுவுக்குச் சொல்லவில்லை. தலைவருக்கும் சொல்லவில்லை, அவர் அந்தத் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது நல்லது. வருகிற சனிக்கிழமை முதல், நீலக்கரை மேடையில் நிற்கும் நேரமெல்லாம் நான் முன்னால் பாயில் இருந்து கேட்கப்போகிறேன். அந்த நேரம் என் எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம் கேதீஸ்வரன் அண்ணனின் போனுக்குப் போகும். யாருக்கு எந்தக் குழு பொருந்தும் என்று அவரே சொல்லட்டும். அவர் சொல்லுகிறபடி நாள் பதிவேன். சலாம், வணக்கம்! அண்ணன், சனிக்கிழமை போனுக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள்.