வியாழன் சூரியனுக்குப் பின்னால் இருக்கையில் விடைபெறுபவருக்கு

வானத்தின் வழித்தடங்களை வகுத்து வைத்தவரே, எந்த எண்ணையும் எதிர்க்கேள்வி கேட்டே ஏற்றுக்கொண்டவரே, பிழையைப் பொறுக்காமல் பிழை செய்தவர்களை மட்டும் பொறுத்துக்கொண்ட பெருந்தகையே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாடியின் மூலையறையிலிருந்து கோள்களுக்குக் காவல் இருந்தவரே, சுற்றுப்பாதைக் கணிப்புப் பிரிவின் மூத்த அறிவியலாளரே, எங்கள் மேடம் அவர்களே, வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் அடுக்குமொழி இருந்தாக வேண்டும் என்று நிர்வாகப் பிரிவு சொல்லிவிட்டது. மேலே அடுக்கியாயிற்று. இது ஓர் அறிக்கையாக உங்கள் மேசைக்கு வந்திருந்தால் முதல் பத்தியில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் "ஆதாரம் எங்கே?" என்று எழுதியிருப்பீர்கள். மடலுக்கு ஏற்கெனவே கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டதால் இன்று அது முடியாது. பொறுத்தருள வேண்டும்.

முன்வரிசையில் உங்கள் கணவரும் மகளும் அமர்ந்திருக்கிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் உங்கள் கணவர் வாசலில் எங்களிடம் சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்கறேன், உனக்கு என்ன வேலைன்னு. வியாழனோட தூரத்த அளக்கறேன்னு சொல்லுவா. அதத்தான் எப்பவோ அளந்துட்டாங்களேன்னு சொன்னா, அன்னிக்கு முழுக்கப் பேசமாட்டா." ஐயா, எப்பவோ அளந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அந்த அளவு போதவில்லை என்பதுதான் உங்கள் துணைவியாரின் முப்பது ஆண்டுகள்.

வியாழனைச் சுற்றிவரும் விண்கலத்துக்கு நாங்கள் ஒரு வானொலி அலையை அனுப்புகிறோம். கலம் அதைத் திருப்பி அனுப்புகிறது. போய்வர ஆன நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. கோளைக் கலம் எப்படிச் சுற்றுகிறது என்பது தெரியுமாகையால், கலத்தின் தூரம் கோளின் தூரத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கணக்கு சொன்ன தூரத்துக்கும் அலை சொன்ன தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே 'மிச்சம்' என்போம். காலையில் தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல், "மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டேதான் மேடம் உள்ளே வருவார். நாங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து அன்றைய பொழுது விடியும்.

மிச்சம் கூடிவிட்டால் நாங்கள் கோளின் கணக்கைத் திருத்துவோம். மேடம், நீங்கள் முதலில் பூமியைச் சந்தேகப்படுவீர்கள். ஒரு பருவத்தில் வியாழன் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப்போனதாகக் காட்டியது. சிறுகோள்களின் இழுவிசையை மாற்றிப் பார்த்தோம், சரிப்படவில்லை. கடைசியில் வியாழனையே சற்று நகர்த்தி வைத்தோம். கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று இனிப்புகூட வாங்கி வந்தோம். நீங்கள் அதைத் தொடாமல் ஆன்டெனா நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினீர்கள். மறுமுனையில் தொழில்நுட்பர் சாவகாசமாகச் சொன்னார்: "ஆமா மேடம், கருவிய அடுத்த கட்டடத்துக்கு மாத்திட்டோம். கேபிள் கொஞ்சம் நீளமாப் போச்சு. அதுல என்ன?" கேபிளுக்குள் அலை கூடுதலாக நடந்த தூரத்தை நாங்கள் வியாழன் தலையில் கட்டியிருந்தோம். அன்றைக்கே கோளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தீர்கள். தொங்கிப்போன எங்கள் முகங்களைப் பார்த்து, "விடுங்க, அதுக்கு ஒண்ணும் வலிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு இனிப்பை எடுத்துக்கொண்டீர்கள்.

ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். சூரியனைச் சூழ்ந்த அனல் எங்கள் வானொலி அலைகளைக் குலைத்துவிடுவதால் அந்தச் சில வாரங்கள் அளவெடுக்க முடியாது. அது வெளியே வரும்போது முதல் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கோர் எண்ணைப் பலகையில் எழுதுவது எங்கள் பிரிவின் வழக்கம். தோற்றவர் காப்பி இயந்திரத்தைக் கழுவ வேண்டும். "கணக்குப் போடறவ பந்தயம் கட்டக் கூடாது" என்று சொல்லி நீங்கள் மட்டும் எழுதமாட்டீர்கள்.

இந்த முறை எழுதினீர்கள். என்றைக்கோ மௌனமாகிவிட்ட கலங்களின் அளவுகளையெல்லாம் தோண்டியெடுத்து, கேபிள் பிழை, கடிகாரப் பிழை என்று ஒவ்வொன்றாகக் களைந்து, வியாழனின் பாதைக்குப் புதிய கணக்கு மாதிரி ஒன்றைக் கட்டி முடித்திருந்தீர்கள். பழைய மாதிரிகள் போன காலத்துக்கு அழகாகப் பொருந்தும். கோள் சூரியனைத் தாண்டி வெளியே வந்ததும் கையை விரித்துவிடும். உங்களுடையது அப்படிச் செய்யாது என்று நம்பினீர்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய ஓர் எண்ணைப் பலகையின் ஓரத்தில் சின்னதாக எழுதினீர்கள்.

ஆனால் பணி ஓய்வு நாளைக் குறிப்பவர்களுக்கு வியாழனைப் பற்றிக் கவலையில்லை. இன்று அது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது. யாரிடமும் எதற்கும் போய் நிற்காத நீங்கள், போன வாரம் இயக்குநரின் அறைக்குப் போனீர்கள். "அது வெளிய வர்ற வரைக்கும் சும்மா வந்து உக்காந்துக்கட்டுமா? சம்பளம் வேண்டாம்" என்று கேட்டீர்கள். இயக்குநரும் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். விதி இடம் தரவில்லை. இன்று மாலையோடு உங்கள் நுழைவு அட்டை செயலிழந்துவிடும். மேலிடத்துப் பதில் வந்த அன்று அறைக்குத் திரும்பி, நாற்காலியில் கிடந்த சால்வையை மடித்துக்கொண்டே, "எங்க ஓடிடப் போகுது, அங்கதான இருக்கு" என்றீர்கள். பிறகு நெடுநேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். திரையில் அன்று ஒன்றுமே இல்லை.

உங்கள் கணவர் இனிமேல் மாலையில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு உங்களோடு நடக்கப் போவதாகச் சொல்கிறார். அவரும் நெடுங்காலம் காத்திருந்தவர். அவர்மேல் பொறாமை இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொறாமையாகத்தான் இருக்கிறது. வியாழன் ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அப்படி இன்னும் மூன்று சுற்றுகள் அது முடிப்பதை நீங்கள் நோய்நொடியின்றி, கண் தெளிவோடும் கோபம் குறையாமலும், உங்கள் குடும்பத்தோடு இருந்து பார்க்க வேண்டும் என்று உளமார வாழ்த்துகிறோம்.

சில வாரங்களில் முதல் அளவு வரும். நீங்கள் எழுதிய எண் பலிக்க வேண்டும் என்பது இந்த மடலின் முறையான வாழ்த்து. அது உங்கள் வாழ்நாள் உழைப்பு, பலிக்கத்தான் செய்யும். பலித்தால் உங்களுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு நாங்கள் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். உங்களைக் கூப்பிடக் காரணம் எதுவும் இருக்காது. மேடையில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறோம். மிச்சம் கொஞ்சம் பெரிதாகவே வரட்டும் என்று எங்கள் ஒவ்வொருவர் மனதிலும் ஓர் ஆசை இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மட்டும்.

என்றும் உங்கள்,
சுற்றுப்பாதைக் கணிப்புப் பிரிவினர்