சுண்டுவிரலை நம்பாதிருக்கக் கற்ற எங்கள் சேருக்கு

“பால் இன்னும் சூடு ஆறல்ல சேர், வெப்பமானி அறுவது காட்டுது, இப்ப உறையைப் போட்டா...”

“எனக்குப் படிப்பிக்காத புள்ள! முப்பது வருஷமா இந்தச் சுண்டுவிரலாலதான்...”

“உறை செத்துரும் சேர்! நேத்தைக்கும் இருநூறு சட்டியும் அப்பிடித்தான்...”

“நேத்தைக்குக் கெட்டது உன்ட கைச்சுத்தத்தால! நாளையிலருந்து வேலைக்கு வரவேணாம்!”

எருமைப்பாலின் பதமறிந்த ஏந்தலே! எங்கள் பாற்சங்கத்தின் இமை மூடாக் காவலே! முகாமையாளர் பெருந்தகை கந்தப்போடி குணநாயகம் அவர்களே! பாராட்டு மடலைச் சண்டையில் தொடங்குவது எந்த ஊர் வழக்கம் என்று கோபிக்காதீர்கள். வாவி பெருகி வீதி மூழ்கிய வருஷம் தோணியில் பாலேற்றிவந்த உங்கள் துணிவை ஊரே பாடும். நாங்கள் பாட வேண்டியதோ, ஆறு வருஷத்துக்கு முன் நீங்களும் தயிர்ப் பகுதி யசோதினியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலைப்பொழுதை!

யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். அவளுடைய வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான். நீங்கள் அதுவரை பாலுக்குள் வைத்திருந்த விரலை அப்போதுதான் வெளியே எடுத்தீர்கள். சட்டி கழுவிக்கொண்டிருந்த நான் பதறிப்போனேன்.

“சேர், விரல் வெந்து சிவந்திரிக்கி!”

நீங்கள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “எனக்குச் சுடல்லியே, இரத்தினமக்கா” என்றீர்கள்.

நீரிழிவு அந்த விரலின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. உங்கள் அனுபவம் அப்படியே இருந்தது. அது குடியிருந்த விரல்தான் உங்களுக்குச் சொல்லாமலே போய்விட்டது. வேறொருவர் கையைச் சட்டைப்பைக்குள் மறைத்திருப்பார். நீங்களோ வாசற்படலை வரை ஓடி யசோதினியை மறித்துக் கூட்டிவந்து, எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். பிறகு அவள் கையிலிருந்த வெப்பமானியைக் காட்டி, “இதை எப்பிடிப் பாக்கிற எண்டு எனக்கும் சொல்லித் தா புள்ள” என்றீர்கள். ஐம்பத்துநாலு வயதில்!

அன்று பிறந்ததல்லவா நமது வியாழக்கிழமைப் பாடம்! ஒருவர் படிப்பிக்க, மற்றவரெல்லாம் வாங்குப் பலகையில் இருக்க, முகாமையாளரும் எழுதும் கொப்பியோடு எங்கள் நடுவில் இருக்க, என்ன அழகு அது! குளிர் லொறி ஓட்டும் றிஸ்வியிடம் கைபேசியில் கணக்கெடுக்கப் படித்தீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற என்னிடம், சட்டியைத் தட்டிக் கீறல் கண்டுபிடிக்கப் படித்தீர்கள். தட்டின தட்டில் ஒரு நல்ல சட்டியை உடைத்துவிட்டு, “கீறல் இருந்ததுதான் அக்கா” என்று சாதித்ததை இந்தச் சபையில் சொல்லாமல் விடுவேனா!

முன்பெல்லாம் பால் திரிந்தால் ஆளுக்காள் ஒளிப்போம். “எனக்குத் தெரியாது” என்று நீங்கள் வெட்கப்படாமல் சொல்லத் தொடங்கிய பிறகு, எங்கள் பிழைகளும் ஒளிய இடந்தேடாமல் உங்கள் மேசைக்கே நடந்து வந்தன. உங்களை நாங்கள் நேசிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். நீங்கள் ஓய்வுபெற, நாளை யசோதினி உங்கள் கதிரையில் அமர்கிறாள். வியாழக்கிழமைப் பாடம் நிற்காது என்று முதல் கட்டளையும் போட்டுவிட்டாள்.

நடை தளராது, நோய் மிஞ்சாது, மனையாளும் மக்களும் மகிழ்ந்திருக்க நீங்கள் பல்லாண்டு வாழ வாழ்த்துகிறோம்!

இங்ஙனம்,
பாற்சங்க ஊழியர் பதினெட்டுப் பேரும்;
எழுதி வாசிப்பவள், சட்டிப் பகுதி இரத்தினம்மா.

மடல் முடிந்தது, மனம் முடியவில்லை. போன மாதம் வீட்டில் வெந்நீர் பட்டுக் கால் அவிந்ததை எங்களிடம் மறைத்தீர்கள். உங்கள் வீட்டம்மா சொல்லிவிட்டார். இங்கே படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையே நீங்கள்! அதனால்தான் பொன்னாடைக்குள் யசோதினியின் அந்தப் பழைய வெப்பமானியையும் சுற்றி வைத்திருக்கிறோம்.

“குளிக்கிற தண்ணியிலயும் இதைப் போட்டுப் பாத்திட்டுத்தான் கால வைப்பீங்க, என்ன சேர்?”