தொட்டுக் காட்டின கம்பி

— கையை எடு, விதுர்ஷா! கம்பியில கை வைக்காத! ஒருத்தர் ஐசியுல கிடக்கிறது காணாதா?

— மச்சான், இது நான் கட்டின வேலி. இது ஆளைக் கொல்லாது.

— கொல்லாதா? அப்ப என்ட அப்பா ஏன் அங்க கிடக்கிறார்? நேற்று விடிய வெள்ளண இந்த மூலைக் கட்டைக்குப் பக்கத்திலதான் விழுந்து கிடந்தவர். யானை வேலி போட்டுப் பார்க்க இடம் தாங்க எண்டு நீ கிரான் ஊர் முழுக்க அலைஞ்ச நேரம், ஒருத்தனும் தரல்ல. தங்கச்சிட மகளெண்டு தன்ட வயலைத் தந்தது அந்த மனுசன்தான்.

— எனக்குத் தெரியாதா? என்ட மாமா இல்லையா அவர்? ராவு நித்திரையில்ல. கம்பஸ் வகுப்பிலிருந்து வந்த உடுப்போடதான் இன்னும் நிக்கிறன், பாருங்க.

— ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இரிங்க. கரண்ட் அடிக்கிறதைப் படமாக் காட்டுற இந்த ஸ்கோப்பை லேப்பில கேக்காமத் தூக்கிட்டு வந்திரிக்கன். எங்கட பேட்ச் பதினொரு பேருக்கும் இரிக்கிறது இது ஒண்டுதான். படிப்பிக்கிற சேர் தேட முதல் கொண்டு போய் வைக்கோணும்.

— இவன் ஆரு?

— ஷாமில். ஏறாவூர். என்னோட படிக்கிறவன். நான் சோதிச்சால் பொய் சொல்றன் எண்டு நீங்க சொல்லுவீங்க. அதான் இவனைக் கூட்டிக்கொண்டு வந்தனான். பொலிஸ் வந்து வேலிக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டியைக் கழட்டிக்கொண்டு போக முதல் எனக்குத் தெரியோணும், மச்சான்.

— தெரிஞ்சு? பெட்டி பிழையெண்டால் என்ன செய்வாய்?

— நானே பொலிஸில போய் நிப்பன். படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.

— விசர்க்கதை கதைக்காத, விதுர்ஷா. கடைசி வருசத்தில நிண்டுட்டுப் படிப்பு வேணாமாம். அண்ணன், இப்பிடிக் கிட்ட வாங்க. உங்களுக்கும் காட்டித்தான் பார்க்கப் போறன்.

— எனக்கென்ன விளங்கும்? நீங்க ரெண்டு பேரும் இங்கிலீசில என்னத்தையும் கதைச்சுப்போட்டு, பெட்டி தங்கமான பெட்டி எண்டு சொல்லிட்டுப் போயிருவீங்க.

— தமிழிலயே சொல்றன். வீட்டுக் கரண்ட் விடாம ஓடிட்டே இரிக்கும். பிடிச்சமெண்டால் கையைச் சுருட்டி வச்சிரும், எடுக்க ஏலா. இது அப்பிடியில்ல. பற்றரியில ஓடுறது. ஒரு அடி, மறுகா சும்மா நிக்கும். மறுகா ஒரு அடி. இந்தா, காதைக் கொடுங்க. டக்... டக்... கேக்குதா?

— ஓம். கேக்குது.

— அந்த டக்குக்கும் டக்குக்கும் நடுவில கையை எடுத்திரலாம். யானைக்கும் அப்பிடித்தான். சுள்ளெண்டு ஒரு அடி விழும், கிறுகித் திரும்பிப் போயிரும்.

— அதெல்லாம் வேலி திறந்த அண்டைக்கு இவளும் சொன்னவள். பெட்டிக்குச் சந்தனம் பூசி, அப்பா தேங்காய் உடைச்சு, உங்கட சேர்மாரும் வந்து... எல்லாம் பார்த்தனான். வீட்டில சுவிட்ச் போடுறதெண்டாலே காஞ்ச கம்பால தட்டுற மனுசன் அவர். பல்ப் மாத்த என்னைக் கூப்பிட்டுட்டு வெளிய போய் நிப்பார். அவர்ட கையை நீதானே பிடிச்சுக் கம்பியில வச்சனி?

— நான்தான். முதல்ல என்ட கையை வச்சுக் காட்டினனான். மறுகாதான் மாமாட கையை. ஒரு துள்ளுத் துள்ளிட்டுச் சிரிச்சார். 'இவ்வளவுதானாடி கரண்ட்? இதுக்கா நான் அறுவது வருசம் பயந்தனான்?' எண்டு கேட்டார். அண்டைக்கு ஊர்ச்சனம் கை தட்டினபோது எனக்குக் கிடைச்ச சந்தோசம்...

— விதுர்ஷா, இங்க வா. படம் விழுந்திட்டு. பாரு.

— எப்பிடி இருக்கு? சொல்லு. எனக்குப் பார்க்கப் பயமாயிருக்கு.

— நீ செஞ்ச அளவுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. பற்றரியைத் தவிர வேற எங்கேயிருந்தும் கரண்ட் வரல்ல. இந்தா, என்ட கையையே வைக்கிறன்.

— டேய், ஷாமில்!

— ஸ்ஸ்... அல்லாஹ்வே! நல்லாத்தான் அடிக்குது. ஆனா பாருங்க அண்ணன், கை வந்திட்டு. எரியவும் இல்ல, கறுக்கவும் இல்ல.

— எரியல்லையா?

— இல்ல. ஏன்?

— அப்பாட உள்ளங்கை வெந்து போய்க் கிடக்கு. டொக்டர் காட்டினவர். என்னால பார்க்க ஏலாமல் போச்சு.

— மச்சான், இதை ஏன் முதல்லயே சொல்லல்ல? இந்த வேலி கையை வேக வைக்காது. வைக்கவே ஏலா!

— எனக்கென்ன தெரியும், எது வேகும் எது வேகாதெண்டு? நான் என்ன கம்பஸா படிச்சனான்?

— பொறுங்க, பொறுங்க. அந்த வரம்புக்கு அங்கால என்ன குழி, ஷாமில்? வரிசையாப் போகுது...

— கட்டை நட்டுப் பிடுங்கின குழி. மண் காயக்கூட இல்ல. அண்ணன், இது ஆருட வயல்?

— அழகரத்தினம் அண்ணர்ட. ஏன்?

— அவர் வேலி போட்டிருந்தவரா, மச்சான்?

— தெரியா. நான் இந்தப் பக்கம் வந்து கனநாள். ஆனா உன்ட வேலியில அடி வாங்கின யானை கிறுகிப் போய் அவர்ட நெல் வேளாண்மைக்குள்ளதான் இறங்கினது. 'உங்கட எஞ்சினியர்ப் புள்ள யானையை எனக்கு ஏவி விட்டுட்டாள்' எண்டு வட்டை வயல்வெளி முழுக்கக் கேக்க ஏசினவர்.

— இந்தா, செருப்புத் துண்டொண்டு கிடக்கு. ஆணியும் இரிக்கி. பாருங்க, றப்பர் கருகிப் போய்க் கிடக்கு.

— செருப்பு என்னத்துக்குக் கட்டைக் குழியில?

— கம்பியைக் கட்டையில முட்ட விடாம இப்பிடிச் செருப்பை வெட்டி ஆணி அடிப்பாங்க, மச்சான். பற்றரி வேலியெண்டால் இப்பிடிக் கருகாது. வீட்டு லைனிலிருந்து நேரே கம்பி இழுத்திருக்கிறாங்க.

— அழகரத்தினம் அண்ணரா? சும்மா இரி! அப்பாவைத் தூக்கித் தன்ட உழவு மிசினில ஏத்திக்கொண்டு ஓடினது அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில என்னைக் கட்டிப் பிடிச்சு, சின்னப் புள்ள மாதிரி அழுதவர்!

— அழுதது பொய்யா இரிக்காது, அண்ணன். அவர் அங்க அழுத நேரம் வீட்டாக்கள் இங்க கம்பியைச் சுத்தி எடுத்திரிப்பாங்க.

— கடவுளே... பின்னேரம் அவர்ட மகன் பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு வந்து ஊத்தித் தந்தவன். நான் குடிச்சனான், விதுர்ஷா. நல்ல சனம் எண்டு சொல்லிச் சொல்லிக் குடிச்சனான்!

— மச்சான், இருங்க. வரம்பில இருங்க.

— உன்னையெல்லாம் என்ன பேச்சுப் பேசிட்டன். சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து பேசினம். உன்ட அம்மாவை ஆஸ்பத்திரிக்குள்ள வர விடல்ல.

— விடுங்க. என்ட பெட்டி இல்ல எண்டு தெரிஞ்சது காணும். மாமா அங்க கிடக்கிறார், எனக்கு இங்க சந்தோசம் வருது. வெக்கமா இருக்கு, ஆனா வருது. நான் என்ன செய்ய?

— அழு. அழுதிட்டு முகத்தைக் கழுவு. பொலிஸ் வந்தால் இந்தக் குழியையும் செருப்பையும் காட்டோணும்.

— எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. அப்பா ஏன் அந்தக் கம்பிக்குக் கிட்டப் போனவர்? வீட்டுச் சுவிட்சுக்கே பயந்தவர்.

— இருட்டில தெரியாமப் பட்டிரிக்கும், அண்ணன்.

— தெரியாமப் பட்டால் கால் எரியும், முழங்கை எரியும். உள்ளங்கை எப்பிடி எரியும்? பிடிச்சிருக்கிறார். பொறுங்க, அம்மா எடுக்கிறா. ஹலோ... கொஞ்சம் பலத்துச் சொல்லுங்க அம்மா... என்ன? கண் முழிச்சிட்டாரா!

— மாமாவா? மச்சான், மாமாவா?

— ஓம், ஓம்... கதைச்சவரா?... என்ன சொன்னவர்?... ஆ?... அதுக்காகவா?... சரி. அழாதீங்க. வாறன்.

— அல்ஹம்துலில்லாஹ்! உசிர் கிடைச்சிட்டு, ஹயாத்துக் கிடைச்சிட்டு. அண்ணன், அம்மா என்ன சொன்னவ?

— அப்பா கண் முழிச்ச உடனே உன்னைத்தான் கேட்டவராம், விதுர்ஷா. 'புள்ள பயந்து போயிருப்பாள், அவள்ட வேலி என்னை ஒண்டும் செய்யல்லையெண்டு சொல்லுங்க' எண்டவராம்.

— ஐயோ, என்ட மாமா...

— அழகரத்தினம் புதுசாக் கம்பி இழுத்திருந்ததை விடியக்குள்ள கண்டவராம். 'இவனும் எங்கட புள்ளயைப் பார்த்து வேலி போட்டுட்டான், அடி எப்பிடியெண்டு பார்ப்பம்' எண்டு சிரிச்சுக்கொண்டே போய், அண்டைக்கு நீ வச்சுக் காட்டின மாதிரியே, முழுக் கையாலயும் பிடிச்சவராம்.

— விதுர்ஷா... விதுர்ஷா, இங்க பாரு. மூச்சை விடு. நீ ஒரு பிழையும் செய்யல்ல.

— என்னை விடு, ஷாமில். மச்சான், அண்டைக்கு மாமாவுக்குப் பிறகு வேற ஆரெல்லாம் தொட்டவங்க? எனக்கு ஒருத்தர்ட முகமும் ஞாபகம் வருதில்ல. சொல்லுங்க!

— ஆரையெண்டு சொல்ல? ஊரே வரிசையில நிண்டு தொட்டது. பள்ளிக்கூடத்துப் புள்ளையள் இப்பவும் வட்டைக்குள்ள எந்தக் கம்பியைக் கண்டாலும், ஆர் கனநேரம் பிடிக்கிறதெண்டு பந்தயம் வைக்குதுகள்.